முதுகு வைத்த பிராணிகள்

ஜூன் 3, செவ்வாய்

கல்யாண மண்டபத்து வாசலில் வைக்கிற ஒரு ஜோடி அன்னச் சிலைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா பட்டறைக்குள் வந்து, "கோமதிநாயகம் நீங்கதானே? குற்றாலத்துல அந்த டைனோசர் செஞ்சது?" என்று கேட்டார். ஏதோ போகிற போக்கில் செய்தது மாதிரி தலையாட்டினேன். உள்ளுக்குள் மனசு ஆகாயத்தில் பறந்தது.

பெயர் ஹெலன் ஞானசுந்தரி. தென்காசிக்கு வெளியே, பார்வையில்லாத பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்குத் தலைமையாசிரியை. உலகத்துப் புராணப் பிராணிகளைப் பற்றி ஒரு பிரெய்ல் புத்தகம் அந்தப் பிள்ளைகளிடம் இருக்கிறதாம். விரல் தேயத் தேயப் படித்துவிட்டார்களாம். ஆனால் எது எப்படி இருக்கும் என்று ஒருத்திக்கும் பிடிபடவில்லை. அதனால் தொட்டுப் பார்க்க ஒரு கூடம் கட்டியிருக்கிறார்கள். ஜூலை 12 திறப்பு. ஆட்டுக்குட்டி அளவில் பன்னிரண்டு பிராணிகள் வேண்டும்.

பட்டியலை வாசித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கழுகுத் தலையும் சிங்க உடம்புமாக கிரிஃபின். சீன டிராகன். ஒற்றைக்கொம்புக் குதிரை. நெருப்பில் வெந்து மறுபடி எழும் பீனிக்ஸ். எகிப்து ஸ்பிங்ஸ். கடல்கன்னி. ஜப்பான் கப்பா. மெக்சிகோவின் இறகு முளைத்த பாம்பு. ஆஸ்திரேலியாவின் பன்யிப். அப்புறம் நம் யாளி, இரட்டைத் தலைப் பறவையான கண்டபேரண்டம், மனிதத் தலையும் மிருக உடம்புமான புருஷாமிருகம். அன்னத்துக்கும் டைனோசருக்கும் நடுவே இருபது வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு இப்படி ஒரு வேலை! நாற்பது நாளில் முடித்துத் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

சாப்பிடும்போது ஆவுடை அக்காவிடம் சொன்னேன். "இதெல்லாம் எந்த ஊருல இருக்கு?" என்றாள்.

"எந்த ஊருலயும் இல்ல."

"இல்லாததுக்கா இத்தனை அடையாளம் சொல்லுதாங்க?" என்று சிரித்தாள். பிறகு, "அப்போ யாளியும் கெடையாதா? நான் ஆனையும் யாளியும் ஒரே காட்டுல இருக்கும்னுல்லா நெனச்சேன்" என்றாள்.

அக்கா வைத்த புளிக்குழம்பு இன்று பிரமாதம்.

ஜூன் 5, வியாழன்

கிரிஃபின் உடம்புக்குப் பழைய சிங்க அச்சு இருந்தது. கழுகுத் தலையைக் களிமண்ணில் பிடித்தேன். அலகின் வளைவு அப்படி அமைந்துவிட்டது. சாரல் காற்றில் ஈரம் அதிகம், ஃபைபரை இறுக வைக்கிற ரெசின் பசை லேசில் இறுகவில்லை. பிசுபிசுவென்று கையோடு வருகிறது.

ஜூன் 9, திங்கள்

அவமானம்.

கிரிஃபினைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். ஆறு பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். கண் உள்ளவன் சிலையை முகத்திலிருந்து பார்ப்பான். இந்தப் பிள்ளைகளின் கைகளோ நாலா பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் வந்தன. மைமூன் என்று ஒருத்தி, ஏழாம் வகுப்பு, கடையநல்லூர்க்காரி. அவள் நின்றது பின்பக்கம். கையை வைத்தவள் முழங்கைவரை உள்ளே விட்டுவிட்டாள்.

"அண்ணாச்சி, இது செத்துப்போச்சா? உள்ள ஒண்ணுமே இல்லையே!"

நான் செய்வதெல்லாம் சுவரில் சாத்தி வைக்கிற உருப்படி. முன்பக்கம் மட்டும் ஜோராக இருக்கும். பின்னால் வெறும் குடைவும் பிசிறுமாக விட்டுவிடுவோம். யார் பார்க்கப் போகிறார்கள்? இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் அப்படித்தான். அந்தப் பிள்ளைகளுக்கு முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதமே கிடையாது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. "றெக்கை எந்த எலும்புல ஒட்டியிருக்கு?" என்றாள் ஒருத்தி. "பாதத்துக்கு அடி எப்படி?" என்றாள் இன்னொருத்தி. பாதத்துக்கு அடியில் தட்டையான பலகைதான் இருந்தது. ஒரு பிள்ளையின் விரலில் பிசிறு கிழித்து ரத்தம் வந்தது.

ஹெலன் டீச்சர் கோபப்படவில்லை. தனியாகக் கூப்பிட்டு, "பழக்கமில்லாதவங்களுக்குக் கஷ்டம்தான். உங்க வீட்டுல, சொந்தத்துல, பார்வையில்லாதவங்க யாராவது இருக்காங்களா? இருந்தா செய்யச் செய்ய அவங்கள வச்சுத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம்" என்றார்.

"இல்ல டீச்சர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்தபோது அக்கா கதவைத் திறந்து, "என்னல, நடையே ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். ஐம்பத்தோரு வருஷமாக, பிறந்ததிலிருந்து, அவளுக்குக் கண் தெரியாது.

ஜூன் 10, செவ்வாய்

முதுகு போடுகிறேன். மழை.

ஜூன் 14, சனி

பெயிண்ட் வாங்க பஜாருக்குப் போய்த் திரும்பினால், பட்டறையில் அக்கா. கிரிஃபின் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருக்கிறாள்.

பட்டறையும் வீடும் ஒரே வளாகம்தான், நடுவில் ஒரு கதவு. நாற்பது வருஷமாக அவள் அதைத் தாண்டியதில்லை. அப்பா இருந்த காலத்தில் சதுர்த்திக்குச் செய்து வைத்த பெரிய பிள்ளையாரின் தும்பிக்கை ஒருநாள் உடைந்து கிடந்தது. அக்காதான் தட்டி விட்டிருப்பாள் என்று அப்பா அடித்துவிட்டார். இனிமேல் பட்டறைப் பக்கம் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பா போன பிறகும் அந்தச் சட்டத்தை யாரும் எடுக்கவில்லை. யாரும் என்றால் நான்.

"மன்னிச்சுக்கோ தம்பி. வாடை புதுசா இருந்துச்சு, வந்துட்டேன்" என்று எழுந்தாள்.

"இருக்கட்டும்" என்றேன். "எப்படி இருக்கு?"

அவள் கழுத்தை மறுபடி ஒருமுறை தடவினாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கழுத்துல எறகு முடியுற எடத்துக்கும் சிங்கத்து முடி ஆரம்பிக்க எடத்துக்கும் நடுவுல நாலு விரக்கடை வழுவழுன்னு கெடக்கே. ரெண்டு பிராணியை வெட்டி ஒட்டுன மாதிரி இருக்கு. ஒரே உசுருன்னா எறகு கொஞ்சங் கொஞ்சமா முடியா மாற வேண்டாமா?"

வண்ணத்தில் மறைத்துவிடலாம் என்று நான் விட்டுவைத்த இடம் அது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் ரெசினைக் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்தேன். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள், நான் திருத்தினேன். பாதத்துக்கு அடியில் என்ன வைக்க என்று கேட்டேன். "நம்ம வீட்டுப் பூனைக்கு இருக்கே, மெத்து மெத்துன்னு" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

வெற்றி! மைமூன் பாதத்துக்கு அடியில் அழுத்திப் பார்த்து, "இது நடந்தா சத்தம் வராது" என்று அறிவித்தாள். ஒரு பிள்ளை முதுகின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நகரவே இல்லை. இருபது வருஷத்தில் நான் செய்த எதையும் யாரும் அப்படி அணைத்ததில்லை.

"கண்ணை மூடிக்கிட்டா செஞ்சீங்க?" என்றார் ஹெலன் டீச்சர்.

"அப்படித்தான் டீச்சர், பழகிட்டேன்" என்றேன். கூசாமல் சொன்னேன்.

ஜூன் 20, வெள்ளி

இப்போது காலைச் சமையல் முடிந்ததும் அக்கா பட்டறைக்கு வந்துவிடுகிறாள். கையில் ஒரு துண்டு, இடுப்பில் உப்புத்தாள். ரெசின் இறுகிவிட்டதா என்பதை என்னைவிட முன்னால் வாடையிலேயே சொல்கிறாள்.

இன்று கப்பா. ஜப்பானில் ஆற்றில் இருக்கும் பிராணி. சின்னப் பிள்ளை உயரம், ஆமை ஓடு, பறவை அலகு, உச்சந்தலையில் ஒரு குழி. அந்தக் குழியில் தண்ணீர் இருக்கும்வரைதான் அதற்குப் பலம். பயங்கர மரியாதைக்காரப் பிராணியாம். நாம் குனிந்து வணங்கினால் அதுவும் பதிலுக்குக் குனியும், தண்ணீர் கொட்டிப்போகும், பலம் போய்விடும். இப்படி ஒன்றை யோசித்த ஜனங்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆளை இழுத்துத் தண்ணீரில் அமுக்குகிற பிராணியை ஒரு வணக்கத்தால் ஜெயித்துவிடலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்!

நான் தலையில் குழி வைத்து அதில் நீலப் பெயிண்ட் அடிக்கலாம் என்றிருந்தேன்.

"நீலம்னா?" என்றாள் அக்கா.

குழியை ஆழமாக்கி, நிஜமாகவே ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கும்படி செய்தோம். கழுத்தில் ஒரு கீல் வைக்கலாம் என்பது அவள் யோசனை. தலையைச் சாய்த்தால் தண்ணீர் கொட்டும். அவளே முதலில் கப்பாவைக் கும்பிட்டாள். தண்ணீர் என் வேட்டியில் கொட்டியது. அக்கா இப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.

ஜூன் 23, திங்கள்

டிராகனுக்குச் செதில் பதித்தேன். அக்கா தடவிப் பார்த்து, "இது என்ன, வாலை முன்னாடி வச்சு நீந்துமா?" என்றாள். எல்லாவற்றையும் தலைகீழாகப் பதித்திருக்கிறேன். தினமும் மீன் கழுவுகிறவளை ஏமாற்ற முடியுமா? முழுக்கப் பெயர்த்துவிட்டு மறுபடியும்.

ஜூன் 26, வியாழன்

பன்யிப்பில் மாட்டிக்கொண்டேன். ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகள் சொல்கிற சதுப்பு நிலத்துப் பிராணி. நாய் முகம் என்கிறார் ஒருவர், நீளக் கழுத்து என்கிறார் இன்னொருவர், தந்தம் உண்டு என்கிறார் வேறொருவர். எல்லாரும் ஒத்துச் சொல்வது ஒன்றே ஒன்று: அது அலறும். மூன்று நாளாக மூன்று தலை செய்து மூன்றையும் பிசைந்துவிட்டேன். பார்த்துச் செய்ய ஒரு படம் இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் எனக்கே தெரிகிறது.

"அந்த மண்ணை இங்க தா" என்றாள் அக்கா.

அவள் முதலில் வாயைச் செய்தாள். வாய்க்குள் கையை விட்டுத் தொண்டையைத் தோண்டினாள். "அலறணும்னா மூச்சு வேணுமே" என்று சொல்லி நெஞ்சைப் பானை மாதிரி உருட்டினாள். "சகதியில நிக்க பிராணி, பாதம் அகலமாத்தான் இருக்கும்" என்றாள். கண்ணுக்கு இரண்டு சின்னப் பள்ளம், அவ்வளவுதான், அதுவும் ஞாபகம் வந்த மாதிரி கடைசியில். மத்தியானம் உலை வைக்க மறந்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் முடித்து எழுந்தபோது அந்தப் பிராணி உட்கார்ந்திருந்தது. பார்க்க அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் போக எனக்குப் பயமாக இருந்தது. நான் செய்ததில் எதைப் பார்த்தும் எனக்குப் பயம் வந்ததில்லை. பொறாமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது. அச்செடுத்து ஃபைபரில் வார்த்தேன், அவள் விரல் தடம் அழியாமல் இருக்க ஒரு இடத்தில்கூட உப்புத்தாள் போடவில்லை.

ஜூன் 30, திங்கள்

ஏழு பிராணிகளைக் கொண்டுபோய் இறக்கினேன். மைமூன் பன்யிப்பின் வாய்க்குள் கையை விட்டு, தொண்டைவரை போய், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "இது கத்தப்போகுது!" மற்ற பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கையை விட்டுக் கத்தினார்கள்.

பிறகு மைமூன் என் பக்கம் திரும்பி, "இது அண்ணாச்சி செஞ்சதில்ல" என்றாள்.

"ஏன் அப்படிச் சொல்லுத?"

"நீங்க செஞ்சதெல்லாம் ஒரு பக்கம் ரொம்ப நல்லா இருக்கும், மத்த பக்கம் பரவால்லாம இருக்கும். இதுக்கு எல்லாப் பக்கமும் நல்லா இருக்கு."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை காட்டிவிட்டாள்.

ஹெலன் டீச்சர் விடவில்லை. யார் செய்தது என்று கேட்டார். "பட்டறையில ஒரு ஆள் இருக்காங்க" என்றேன். "பார்வையில்லாதவங்களா?" என்றார். தலையாட்டினேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது. கூடத்தைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள அப்படி ஒருவரைத்தான் ஆறு மாசமாகத் தேடுகிறாராம். கண் உள்ளவர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும், அவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டும். பிள்ளைகளோடு பள்ளியிலேயே தங்கிக்கொள்ளலாம். சம்பளமும் உண்டு. "அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க."

"அவங்க வீட்டை விட்டு வர மாட்டாங்க டீச்சர்" என்றேன்.

கேட்காமலே சொன்னேன்.

ஜூலை 3, வியாழன்

"பிள்ளைங்க என்ன சொல்லிச்சு?" என்று அக்கா மூன்றாவது நாளாகக் கேட்கிறாள். "நல்லா இருக்குன்னாங்க" என்கிறேன். "பன்யிப்பை?" "அதையுந்தான்." அவள் காத்திருக்கிறாள். நான் சாம்பாரைப் பிசைகிறேன்.

அக்காவைப் பார்த்துக்கொள்கிறவன் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர். அவளுக்காகக் கல்யாணமே கட்டாமல் இருக்கிறான் என்று டீக்கடையில் என் காதுபடவே சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. பெண் கேட்டுப்போன நாலு வீட்டிலும் என்னைப் பிடிக்காமல்தான் வேண்டாம் என்றார்கள் என்பது எனக்கும் அக்காவுக்கும் தரகருக்கும் மட்டும் தெரியும். என் துணி துவைப்பது, சோறு பொங்குவது, காய்ச்சல் வந்தால் பத்துப் போடுவது எல்லாம் யார் என்று டீக்கடையில் யாரும் கேட்டதில்லை.

ஜூலை 7, திங்கள்

இறகுப் பாம்புக்கு ஒவ்வொரு இறகாக நட்டுக்கொண்டிருந்தோம். பறக்கிறதும் ஊர்கிறதும் ஒரே உடம்பில். அக்கா அதன் முதுகைத் தடவியபடி, "எந்தெந்த தேசத்து ஆளுகளோ, ஒருத்தரை ஒருத்தர் பார்த்திருக்க மாட்டாங்க. ஆனா எல்லாருக்கும் ஒரே ஆசைதான் போல, ஒரு பிராணியோட நிக்க முடியல" என்றாள்.

அந்த நேரத்தில் வாயில் வந்துவிட்டது. "அக்கா, அந்தப் பிள்ளையார் தும்பிக்கை. அது நான் ஒடச்சது. பந்து எறிஞ்சேன்."

அவள் இறகை வைத்து அழுத்தி முடித்தாள். "தெரியும்ல. ஒடஞ்ச சத்தம் கேக்கும்போது நான் அடுக்களையில இருந்தேன்."

"அப்போ ஏன் அப்பாட்ட சொல்லல?"

"ஒனக்கு ஆறு வயசு. அப்பா கை எப்படின்னு எனக்குல்லா தெரியும்" என்றாள். "அதுக்கு இத்தனை வருஷம் இந்தக் கதவுக்கு அங்கிட்டே இருப்பேன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்."

அழுதுவிட்டேன். அவளுக்குக் கேட்டிருக்கும்.

ஜூலை 10, வியாழன்

பன்னிரண்டும் முடிந்தது. காலையில் அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் பார்வையில்லாதவர் யாரும் இல்லை என்று டீச்சரிடம் சொன்னது, அவள் திருத்தங்களை என்னுடையது என்று சொல்லிக்கொண்டது, மைமூன் கண்டுபிடித்தது, கூடத்து வேலை, அவள் வரமாட்டாள் என்று நானே பதில் சொன்னது.

கத்தி நின்றது. அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"யாருமே இல்லன்னா சொன்ன?" என்றாள்.

"ஆமா."

மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். தட்டு நிறைந்த பிறகு, "சனிக்கிழமை வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

ஜூலை 12, சனி

அக்கா பச்சை நூல் சேலை ஒன்றைக் கட்டியிருந்தாள். வேனில் டிராகனின் கொம்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள், அது ஆடாமல் இருக்கவா, அவள் ஆடாமல் இருக்கவா என்று தெரியவில்லை.

கூடத்தில் பன்னிரண்டும் வட்டமாக நின்றன. சுவரில் சாத்தியது ஒன்றுகூட இல்லை. எந்தப் பக்கமிருந்தும் தொடலாம். ஹெலன் டீச்சரிடம், "இவங்க என் அக்கா, ஆவுடையம்மாள். அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் போதும். பிறகு அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

மைமூன் வந்தாள். அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள், நகக்கண், காய்ப்பு, மீன்முள் கிழித்த தழும்பு எல்லாவற்றையும். "பன்யிப்பு நீங்கதானே?" என்றாள். "அது எதுக்குக் கத்துது?"

"அது கத்துறது யாருக்கும் இன்னும் கேக்கலல்லா, அதான்" என்றாள் அக்கா. பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் ஒவ்வொரு பிராணியாகக் கூட்டிப்போனாள். எங்கே இறகு முடியாகிறது, எந்தப் பக்கம் தடவினால் செதில் குத்தும், கப்பாவிடம் எப்படி மரியாதையாக நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். இதற்கு முன் அவள் பேசி நாலு பேர் கேட்டு நான் பார்த்ததில்லை. அத்தனை அழகாகப் பேசினாள் என் அக்கா.

மத்தியானம் ஹெலன் டீச்சர் அவளிடம் நேரடியாகக் கேட்டார்: இந்தக் கூடத்தை எடுத்துக்கொள்ள முடியுமா?

தம்பிக்கு யார் சோறு பொங்குவா என்று கேட்பாள், நான் பெருந்தன்மையாக, போ அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"படுக்க எடம் சன்னல் பக்கமா கெடைக்குமா டீச்சர்?" என்றாள் அக்கா.

என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூலை 21, திங்கள்

நேற்று ஒரு கண்டபேரண்டத்துக்கு ஆர்டர் வந்தது, சுவரில் சாத்தி வைக்கிறதுதான். முதுகும் போடுகிறேன். அவர்கள் கேட்கவில்லை.

சோறு இன்றும் குழைந்துவிட்டது. இரண்டு நாளாக அக்காவிடமிருந்து போன் இல்லை, நான் செய்தபோதும் எடுக்கவில்லை. பள்ளிக்குப் பேசினால், விருந்தாளிகள் கூட்டம், மூச்சுவிட நேரமில்லை என்றார்கள்.

டீக்கடையில் சண்முகவேல் அண்ணாச்சி எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார். "என்ன கோமதி, கண்ணு தெரியாத பிள்ளைய அங்க கொண்டுபோய் விட்டுட்டியாமே? பாவம்ல. அவள அங்க யாரு பாத்துக்கிடுவா?"

கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அவ நல்லா இருக்கா அண்ணாச்சி. இத்தனை வருசமா இங்க என்னைப் பாத்துக்கிட்டது அவதான்" என்றேன்.